நைட்டிக்கும் பட்டுப்புடவைக்கும் நடுவில்: மதுரை ஜவுளிக்கடைக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதுரையில் ஜவுளிக்கடை நடத்தும் பெரியவர்களுக்கும், கடைகளுக்குச் சரக்கெடுக்கும் கொள்முதல்காரர்களுக்கும், ரெடிமேட் தைத்துப் போடும் யூனிட் முதலாளிகளுக்கும் வணக்கம்.

எனக்கு 51 வயது. விளாங்குடியில் குடியிருக்கிறேன். ஒரு அலுவலகத்தில் கணக்குப் பார்க்கிறேன். உங்களுக்கு நான் புது ஆள் இல்லை. எனக்கு முதல் தாவணி எடுத்தது, கல்யாணப் பட்டு எடுத்தது, பிள்ளைகளுக்கு வருடா வருடம் தீபாவளித் துணி எடுத்தது எல்லாம் விளக்குத்தூணைச் சுற்றியுள்ள கடைகளில்தான். அந்த உரிமையில் இதை எழுதுகிறேன்.

போன சித்திரையில் அழகரை வரவேற்கும் எதிர்சேவை பார்க்க தல்லாகுளம் போவதற்கு ஒரு பருத்தி டாப்ஸ் வேண்டும் என்று ஒரு பெரிய கடைக்குப் போனேன். கடையின் பெயர் இங்கே வேண்டாம். வேறு கடைக்குப் போயிருந்தாலும் இதேதான் நடந்திருக்கும். மதியம் இரண்டு மணி. கையில் நான்கு டாப்ஸோடு டிரையல் ரூமுக்குள் போனேன். சுவரில் ஒரே ஒரு கொக்கி. ஃபேன் கிடையாது. தலைக்கு மேலே எரிகிற விளக்கின் சூடு உச்சியில் இறங்குகிறது. எக்ஸெல் போட்டேன், புஜத்துக்கு மேல் கை ஏறவில்லை. டபுள் எக்ஸெல் போட்டேன். தோள் தையல் தோளில் நிற்காமல் இரண்டு விரல் கீழே கையில் தொங்கியது. கழுத்து அகன்று, உள்ளாடைப் பட்டை வெளியே தெரிந்தது. அவ்வளவு பெரிய டாப்ஸ், வயிற்றுக்கிட்ட மட்டும் இழுத்துப் பிடித்து, பக்கவாட்டு ஸ்லிட் இரண்டும் கதவு திறந்த மாதிரி விரிந்து நின்றது. கழற்றலாம் என்றால் வியர்வையில் லைனிங் முதுகோடு ஒட்டிக்கொண்டது. வெளியே தொட்டுப் பார்த்தால் காட்டன், உள்ளே கொடுத்திருந்த லைனிங் பாலியஸ்டர். தலைக்கு மேல் பாதி ஏறிய துணியோடு, இரண்டு கையும் மேலே மாட்டிக்கொண்டு, இருட்டில் மூச்சு முட்ட நின்றேன். கடைசியில் கதவைக் கொஞ்சம் திறந்து, அங்கே நின்ற பெண்ணைக் கூப்பிட்டு, அவள்தான் மெல்ல உருவி எடுத்தாள்.

தங்கமான பெண். என் மகள் வயது இருக்கும். முகத்தைத் துடைத்துக்கொள்ளத் தன் கைக்குட்டையைக் கொடுத்தாள். பிறகு சொன்னாள்: "உங்க சைஸ் இதுல வராதும்மா. மூணாவது மாடியில நைட்டி இருக்கு, அங்க பாருங்க."

அவள் என்னைக் குறைத்துச் சொல்லவில்லை. கடையில் எது எங்கே இருக்கிறதோ அதைச் சொன்னாள். முதல் மாடியில் பட்டு. இரண்டாவது மாடியில் இருபது வயதுப் பெண்களுக்கான டாப்ஸ். மூன்றாவது மாடியில் நைட்டி. பட்டு கட்டுகிற விசேஷத்துக்கும் நைட்டி போடுகிற அடுப்படிக்கும் நடுவில் எங்களுக்கு ஒரு வாழ்க்கை இருக்கிறதே, அதற்கு எந்த மாடி?

காய்கறி வாங்கப் போகிறோம். மாலையில் தெப்பக்குளத்தைச் சுற்றி நடக்கிறோம். டவுன் பஸ்ஸில் நின்றுகொண்டு வருகிறோம். வண்டி ஓட்டுகிறோம். பேரனைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு அப்படியே பேங்குக்குப் போகிறோம். இதற்கெல்லாம், பங்குனியில் தொடங்கி அக்னி நட்சத்திரம் தாண்டியும் தணியாத இந்த ஊர் வெயிலில், உடம்பில் ஒட்டாமல், தோளில் வழியாமல், வயிற்றை நெரிக்காமல் ஒரு உடை வேண்டும். இதைத்தான் கேட்கிறேன்.

புடவை இருக்கிறதே என்பீர்கள். புடவையை நான் விட்டுவிடவில்லை. அதற்கு இருக்கிற பெருந்தன்மை வேறு எந்த உடைக்கும் வராது. புடவை யாரிடமும் சைஸ் கேட்காது. கல்யாணத்தில் 48 கிலோ இருந்தபோது கட்டிய அதே சுங்குடியை இன்று 71 கிலோவிலும் கட்டுகிறேன், கொசுவத்தில் இரண்டு மடிப்புதான் குறைகிறது. வேட்டியும் அப்படித்தான். என் வீட்டுக்காரருக்குத் தொப்பை வந்து பத்து வருடம் ஆகிறது, அவருடைய வேட்டிக்கு அது இன்னும் தெரியாது. ஆனால் புடவைக்குள்ளே பாவாடை இருக்கிறது, பாவாடைக்கு நாடா இருக்கிறது. சித்திரை வைகாசியில் அந்த நாடா இறுக்கிய இடத்தில் வேர்வை தங்கி, வேர்க்குரு வந்து, கறுத்து, தோல் தடித்துப் போன பெண்கள் எத்தனை பேர் என்று எந்தத் தோல் டாக்டரிடம் வேண்டுமானாலும் கேளுங்கள். ஆறு கஜத்தையும் சுற்றிக்கொண்டு 40 டிகிரியில் வண்டி ஓட்ட முடிகிற காலம் எனக்கு முடிந்துவிட்டது.

ஏனென்றால் வெயில் இப்போது வெளியில் மட்டும் இல்லை. மாதவிலக்கு நிற்கிற வயதில், ஆபீஸில் உட்கார்ந்திருக்கும்போதே திடீரென்று நெஞ்சிலிருந்து ஒரு சூடு கிளம்பிக் காது மடல் வரைக்கும் ஏறும். இரண்டு நிமிடத்தில் கழுத்தும் முதுகும் நனைந்துவிடும். பிறகு அந்த ஈரத்திலேயே குளிரும். ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் குறையும்போது உடம்பின் கொழுப்பும் இடம் மாறுகிறது. இடுப்பிலும் தொடையிலும் இருந்தது வயிற்றுக்கும் புஜத்துக்கும் வருகிறது. எடை அதிகம் ஏறாத பெண்களுக்கும் இந்த மாற்றம் உண்டு. தோளின் அகலம் மட்டும் அப்படியே இருக்கிறது. இருபது வயதில் என் தோள் பதினாலரை அங்குலம், இன்றும் பதினாலரைதான்.

உங்கள் ரெடிமேட் இங்கேதான் தவறுகிறது. ஒரு நடுவாந்திர அளவுக்குப் பேட்டர்ன் வெட்டுகிறீர்கள். அதற்கு மேலே ஒவ்வொரு சைஸுக்கும் எல்லாப் பக்கமும் கணக்காக ஏற்றிக்கொண்டே போகிறீர்கள். மார்பு ஏற ஏறத் தோளும் கழுத்தும் கை நீளமும் சேர்ந்து ஏறுகின்றன. வயிறு பெருத்தால் தோளும் அகலும் என்று உங்கள் பேட்டர்ன் நினைக்கிறது. எங்கள் உடம்பு அப்படி வளர்வதில்லை. அதனால்தான் தோளுக்குப் பொருந்துகிற சைஸ் வயிற்றில் ஏறாது, வயிற்றில் ஏறுகிற சைஸ் தோளில் நிற்காது.

புதுமண்டபத்துத் தையல்காரருக்கு இது தெரிந்திருந்தது. திருமலை நாயக்கர் கட்டிய அந்த மண்டபத்தின் தூண்களுக்கு நடுவே வரிசையாக மிஷின் ஓடிய காலத்தில், அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு போய் ஒருவரிடம்தான் ரவிக்கை தைப்பாள். அம்மாவுக்கு அப்போது 45 இருக்கும். அவர் டேப்பை எடுப்பதற்கு முன்னால் ஒரு தடவை நிமிர்ந்து பார்ப்பார், அவ்வளவுதான். "போன தடவையோட ஒரு விரக்கடை கூடியிருக்கு, தோளு அப்படியேதான்" என்பார். உள்ளே இரண்டு பக்கமும் ஒன்றரை அங்குலம் துணி விட்டுத் தைப்பார். அடுத்த வருடம் பத்தவில்லை என்றால், அம்மா வீட்டிலேயே உட்கார்ந்து பிளேடால் ஒரு தையலைப் பிரித்துவிட்டால் போதும். ஒவ்வொரு ரவிக்கைக்கு உள்ளேயும் மூன்று வரிசைத் தையல் இருக்கும். முதல் வரிசையைப் பிரித்த இடத்தில் துணி புதுசாக, வெளுக்காத நிறத்தில் ஒரு கோடு போலத் தெரியும். அம்மாவின் ரவிக்கைகளை மடித்து வைக்கும்போது அந்தக் கோடுகளைத் தடவிப் பார்த்திருக்கிறேன். உடம்பு மாறும் என்று தெரிந்து, அதற்கு இடம் விட்டுத் தைத்த துணி அது.

அந்தத் தையல்காரர்கள் இப்போது குன்னத்தூர் சத்திரத்துக்குப் போய்விட்டார்கள். அம்மாவுக்குத் தைத்தவர் இப்போது உயிரோடு இல்லை, அவருடைய மகனும் இந்தத் தொழிலுக்கு வரவில்லை. நல்ல கை இன்னும் இருக்கிறது, இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் சித்திரைத் திருவிழாவும் கல்யாண முகூர்த்தமும் சேர்ந்து வரும் நாட்களில் ஒரு டாப்ஸ் தைத்து வாங்க மூன்று தடவை நடக்க வேண்டும். வேலைக்குப் போகிற பெண்ணுக்கு அந்த நேரம் ஏது? அதனால்தான் உங்களிடம் வருகிறோம்.

இன்று ஒரு ரெடிமேட் டாப்ஸைத் திருப்பிப் பாருங்கள். ஓவர்லாக் தையலுக்கு வெளியே கால் அங்குலம் துணி இருந்தால் அதிகம். பிரிக்கவே வழி இல்லை. பக்கத்துக்கு ஒரு அங்குலம் உள்ளே விடுவதால் ஒரு டாப்ஸுக்கு எவ்வளவு துணி கூடுதலாகப் போய்விடும்? அந்தத் துணிக்கு உரிய காசை நான் தருகிறேன். என் வயதுப் பெண்கள் எல்லோரும் தருவார்கள், சந்தேகமே வேண்டாம். கையில் காசு இல்லாத வயது இல்லை இது. பிள்ளைகள் படிப்பு முடிந்து, வாழ்க்கையில் முதல் தடவையாக நமக்கென்று ஒரு துணி எடுப்போமே என்று கடைக்கு வருகிற வயது.

கை விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். கையில்லாத டாப்ஸை மாட்டி வைத்துவிட்டு, "கை உள்ள வச்சிருக்கு, தைச்சுக்கலாம்" என்கிறீர்கள். அந்தத் துண்டு துணியை எடுத்துப் பார்த்தால் அது என் மகளின் புஜத்துக்குக்கூடப் பத்தாது. கைக்குழியை ஒரு அங்குலம் இறக்கி, கைச்சுற்றை இரண்டு அங்குலம் கூட்டி, முழங்கை வரை ஒரு கை வைத்துத் தையுங்கள். கைக்குழி இறுகாமல் இருந்தாலே வேர்வையில் பாதி குறையும். ஒரு பை வையுங்கள். ஆண்கள் சட்டையில் தங்கள் மூக்குக்கண்ணாடியை வைத்துக்கொள்கிறார்கள். எங்களுக்கும் இந்த வயதில் கண்ணாடி வந்துவிட்டது.

அப்புறம் சைஸ். ஒரு கடையில் 42 என்றால் துணியின் மார்பளவு 42. அடுத்த கடையில் 42 என்றால் 42 அங்குலம் உள்ள உடம்புக்கான துணி. இரண்டுக்கும் எக்ஸெல் என்றுதான் சீட்டு. நான் எதை நம்பி எடுப்பது? மார்பு, வயிறு, இடுப்பு, தோள் என்று நான்கு எண்களை அந்தச் சீட்டிலேயே அச்சடித்துவிட்டால் டிரையல் ரூமுக்கே பாதிப் பேர் போக வேண்டியிருக்காது. வீட்டில் இருந்து அளவு எழுதிக்கொண்டு வருவோம். நம் நாட்டு உடம்புக்கு என்று ஒரு அளவு அட்டவணை வேண்டும் என்பதற்காகத்தான் ஆடை வடிவமைப்புக் கல்வி நிறுவனமான நிஃப்ட், மத்திய ஜவுளி அமைச்சகத்தோடு சேர்ந்து ஆறு நகரங்களில் 25,000 பேரை முப்பரிமாண ஸ்கேனரில் அளக்கும் திட்டத்தை எடுத்தது. 15 முதல் 65 வயது வரை உள்ளவர்களை அளப்பது என்பது திட்டம். அரசாங்கமே 65 வயது வரை கணக்கில் எடுக்கும்போது, நம் ஊர்க் கடைகள் ஏன் 25 வயதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்? அந்த அட்டவணையையே நம்பியிருக்கவும் வேண்டாம். உங்கள் கடைக்கு ஒரு நாளைக்கு வருகிற என் வயதுப் பெண்களில் ஐம்பது பேரை, அவர்கள் சம்மதத்தோடு, ஒரு டேப் வைத்து அளந்தாலே உங்களுக்கு வேண்டியது கிடைத்துவிடும்.

துணியைப் பற்றிக் கொஞ்சம் கோபமாகவே எழுத வேண்டியிருக்கிறது. "காட்டன்தாம்மா" என்று சொல்லிக் கொடுத்த ஒரு டாப்ஸை வீட்டுக்குக் கொண்டுவந்து, ஓரத்தில் ஒரு நூலை உருவி விளக்கில் காட்டினேன். பருத்தி நூல் காகிதம் எரிகிற வாசனையோடு எரிந்து சாம்பலாக உதிரும். இது உருகிச் சுருண்டு, கறுப்பாக ஒரு மணி மாதிரி கட்டியாக நின்றது. விரலால் நசுக்கினால் நசுங்கவில்லை. சாதாரண அறைச் சூழலில் 100 கிராம் பருத்தி 8 கிராமுக்கு மேல் ஈரத்தை வாங்கி வைத்துக்கொள்ளும். பாலியஸ்டர் அரை கிராம்கூட வாங்காது. வேர்வை துணிக்குள் போக வழியில்லை என்றால் அது எங்கள் தோலில்தான் நிற்கும். நான் மேலே சொன்ன சூடு ஏறுகிற நேரத்தில் அது என்ன பாடு என்று அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். கலப்புத் துணி விற்கக் கூடாது என்று சொல்லவில்லை. எவ்வளவு கலப்பு என்று எழுதி விற்றுவிடுங்கள். காட்டன் டாப்ஸுக்கு லைனிங் கொடுத்தால் அதுவும் மெல்லிய காட்டனாக, முதலிலேயே நனைத்துச் சுருக்கியதாக இருக்கட்டும்.

ரேயான் பரவாயில்லை, ஈரம் வாங்கும், குளிர்ச்சியாகவும் இருக்கும். ஆனால் இரண்டு துவைப்பில் நீளம் குறைந்து அகலம் தொய்கிறது.

இவ்வளவுக்கும் நம் கையில் சுங்குடி இருக்கிறது. சௌராஷ்டிர மக்கள் தலைமுறை தலைமுறையாக விரல் நுனியில் முடிச்சுப் போட்டு, சாயத்தில் தோய்த்து, புள்ளி புள்ளியாகப் பூக்க வைத்த துணி. 2005-இல் மதுரை சுங்குடிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. இந்த ஊர் வெயிலுக்கென்றே பிறந்த பருத்தி அது. புடவையாக நிறையக் கிடைக்கிறது. டாப்ஸாகவும் சில கடைகளில் பார்த்தேன், ஆசையோடு எடுத்தும் பார்த்தேன். அதே ஒல்லியான வெட்டு, அதே இறுகின கைக்குழி. அந்தத் துணியைப் பார்த்து அதிகம் ஆசைப்படுகிறவர்கள் எங்கள் வயதுப் பெண்கள்தான். என் மகளை ஒரு சுங்குடி போடச் சொன்னால் "பாட்டி மாதிரி இருக்கும்மா" என்கிறாள். வாங்குகிறவளுக்கு வெட்டித் தைக்காமல் வாங்காதவளுக்கு ஏன் வெட்டுகிறீர்கள்?

தைக்க ஆள் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. திருப்பூரில் தைத்த பனியன் துணி அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் போகிறது. அங்கே உள்ள பருத்த பெண்ணுக்கும் ஒல்லிப் பெண்ணுக்கும் நெட்டைக்கும் குட்டைக்கும் தனித்தனி அளவு பார்த்துத் தைக்கிறார்கள் நம் ஆட்கள். ஜெய்ஹிந்துபுரம் பக்கம் வீட்டிலேயே பவர் மிஷின் போட்டு நைட்டி தைக்கிற இரண்டு பெண்களை எனக்குத் தெரியும். அவர்களுக்கும் என் வயதுதான். தாங்கள் போடுவதற்கு ஒரு நல்ல டாப்ஸ் கிடைக்கவில்லை என்று அவர்களும் சொல்கிறார்கள். அவர்களிடம் ஒரு பேட்டர்ன் கொடுத்துப் பாருங்கள். எந்த இடத்தில் இழுக்கும், எந்த இடத்தில் தொய்யும் என்று அவர்களே திருத்திக் கொடுப்பார்கள்.

மேல மாசி வீதியில் நடக்கும்போதெல்லாம் எனக்கு ஒன்று நினைவுக்கு வரும். 1921 செப்டம்பர் 22 அன்று, அந்த வீதியில் தங்கியிருந்த இடத்தில்தான், காந்தி தன் பழைய உடையை விட்டுவிட்டு முழங்காலுக்கு மேல் நிற்கிற ஒற்றை வேட்டிக்கு மாறினார். இந்த நாட்டு ஏழை என்ன உடுத்துகிறானோ அதையே உடுத்துவது என்று அவர் எடுத்த முடிவு அது. என் உடைத் தேவையை அதோடு ஒப்பிட எனக்குத் தகுதி கிடையாது. அவருக்கு அன்று 51 வயது என்பதுதான் என்னை நிறுத்துகிறது. அந்த வயதில் ஒரு மனிதர், நேற்று வரை போட்டதை இனிப் போட வேண்டியதில்லை என்று தீர்மானிக்க முடிந்திருக்கிறது, அதுவும் இந்த ஊரில். 51 வயதில் உடை என்பது முடிந்துபோன விஷயம் இல்லை.

ஆண்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. என் வீட்டுக்காரருக்கு 44 சட்டை எடுத்தால் வயிற்றுக்குச் சரி, காலர் கழுத்தைச் சுற்றித் தள்ளி நிற்கிறது. அரைக்கைச் சட்டையின் கை முழங்கையைத் தொடுகிறது. அவர் வாய் திறந்து கேட்கமாட்டார். பழைய சட்டையையே போட்டுக்கொண்டு போகிறார்.

டிரையல் ரூமில் ஒரு ஃபேன், ஒரு முக்காலி, நான்கு கொக்கி. முட்டி வலியோடு ஒற்றைக் காலில் நின்று பேண்ட் மாற்றுவது எங்களுக்குச் சுலபம் இல்லை. கடைகளில் நாள் முழுக்க நிற்கும் ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021-இல் நம் மாநிலத்தில் சட்டமே வந்துவிட்டது. அந்த இருக்கையில் அந்தப் பெண்கள் உட்காருவதை எல்லாக் கடையிலும் பார்க்க ஆசைப்படுகிறேன். எனக்குக் கைக்குட்டை கொடுத்த பெண்ணும் அந்த வெக்கையில் பாலியஸ்டர் புடவை யூனிபார்மில்தான் நின்றுகொண்டிருந்தாள். அவளுக்கும் ஒரு பருத்தி உடை கொடுங்கள்.

சரக்கு வருகிற காலமும் கொஞ்சம் மாற வேண்டும். நல்ல பருத்தி டாப்ஸ் பங்குனிக்கு முன்னால் கடைக்கு வர வேண்டும். ஆடித் தள்ளுபடியில் மீந்ததைக் குவித்து வைத்தால் என்ன பயன்? அதுவும் வெயில் இங்கே வைகாசியோடு போய்விடுவதில்லை. புரட்டாசியில் பொன்னுருகக் காயும் என்று பெரியவர்கள் சொன்னது இந்த மண்ணைப் பார்த்துத்தான்.

எல்லாக் கடையும் மாற வேண்டும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. ஒரு கடை, ஒரு ரேக், இருபது டாப்ஸ். அதைத் தைத்துப் போடுங்கள். நானே என் ஆபீஸில் இருந்தும், தெருவில் இருந்தும், காலையில் கூட நடக்கிறவர்களிலும் ஆள் கூட்டிக்கொண்டு வருகிறேன். வெட்டுவதற்கு முன்னால் யாரையாவது அளந்து பார்க்க வேண்டும் என்றால் கூப்பிடுங்கள், ஞாயிற்றுக்கிழமை வந்து நிற்கிறேன். அதுவரைக்கும் என் அளவு இதோ, பேட்டர்ன் போடுகிறவர் குறித்துக்கொள்ளட்டும்:

தோள் 14½ அங்குலம். மார்பு 41. வயிறு 40. இடுப்பு 43. கைச்சுற்று 15. உயரம் ஐந்தடி ஒரு அங்குலம். டாப்ஸ் நீளம் முட்டிக்கு நான்கு விரல் கீழே. நிறம் மாந்தளிர்ப் பச்சை கிடைத்தால் நல்லது.

அன்புடன்,
விளாங்குடியிலிருந்து உங்கள் பழைய வாடிக்கைக்காரி